பைகள் பிழைத்த விபத்து

அந்த விபத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேரும் இறந்துபோனோம். பைகள் மட்டும் பிழைத்தன.

பைகள் என்றால் சாதாரணப் பைகள்தான். ஜவுளிக்கடை மஞ்சள் பைகள், வயர் கூடைகள், ஜிப் போன தோள்பை ஒன்று, தூக்குச்சட்டி ஒன்று, என் அம்மாவின் பச்சை நைலான் பை. எல்லாம் சேலத்தில், ஒரு பழைய பஸ்ஸின் பின்னால், புல் முளைத்த மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை. தூக்குச்சட்டியில் இருந்த ரசம்கூடச் சிந்தவில்லை.

பஸ்ஸுக்குள் புகை. புகைக்குள் நாங்கள். வெளியே நின்ற ஷீலா மேடம் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

"தொண்ணூறு செகண்ட் முடிஞ்சது. எல்லாரும் செத்துட்டீங்க. பார்த்து மெதுவா இறங்கி வாங்க."

செத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து அவரவர் பையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். அம்மா தன் பையைத் திறந்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பரீட்சையில் ஜெயித்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விமானப் பணிப்பெண் பயணிகள் எதிரில் அழக் கூடாது என்பது அதற்கு முந்தைய வாரப் பாடம். ஆகவே சிரித்தேன்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

போன வாரம் என் தலைமுடியை ஒரு வலைக்குள் அடைக்க நான் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "முடி சரி, வேலை எப்போது கிடைத்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய அவசரம் எனக்குப் புரிகிறது. அந்த நாட்களில் எனக்கும் அதே அவசரம்தான்.

என் பெயர் ஸ்டெல்லா. ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வளர்ந்தவள். அம்மா அருள்மேரி அதே எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். அப்பா டவுனுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுபவர். பிளஸ் டூ முடித்ததும், சேலத்தில் விமானப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். காலையில் மலையிறங்கி, சாயந்திரம் மலையேறி, ஒரு வருடம் படித்தேன்.

பயிற்சி நிலையம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. நாங்கள் கண்ணாடி முன் நின்று, "வானிலை காரணமாக விமானம் சற்றுக் குலுங்கலாம், யாரும் அச்சப்பட வேண்டாம்" என்று இனிமையாக ஒப்பிப்போம். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே யாராவது ஒரு அண்டாவைப் போடுவார்கள். அச்சப்படாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எந்த ஊரிலும் கிடைக்காது.

சிரிப்பதற்குத் தனி வகுப்பு இருந்தது. பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, பென்சில் விழாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நான் இதை வீட்டுப்பாடமாகப் பஸ்ஸில் செய்துகொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "ஏனுங்க அம்மிணி, பல்லு வலிங்களா? கிராம்பு வெச்சுப் பாருங்க," என்றார்.

கையை உயர்த்தி எவ்வளவு தூரம் எட்டுகிறோம் என்று சுவரில் கோடு போட்டு அளந்தார்கள். தலைக்கு மேலே உள்ள பெட்டித் தட்டை மூட அந்த உயரம் வேண்டுமாம். நான் கோட்டுக்கு மேலே மூன்று விரல் தாண்டினேன். என்னைவிட உயரமான பெண் ஒருத்தியால் எட்ட முடியவில்லை. பறிப்புக் காலத்தில் லீவு விடும்போதெல்லாம் அம்மாவோடு போய் மேல்கிளைகளை எட்டி வளைத்த கை இது என்று, எங்களுக்குப் பாடம் எடுத்த ஷீலா மேடத்திடம் நான் சொல்லவில்லை. உடற்பயிற்சி செய்வேன் என்று சொன்னேன்.

பதினோராம் வளைவு

ஒரே ஒரு பாடத்தில் மட்டும் நான் வகுப்பிலேயே முதல். பயணிக்கு வாந்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து சுற்றிப்பார்க்க வருபவர்கள் முதல் ஐந்து வளைவு வரை போட்டோ எடுப்பார்கள். எட்டில் பேச்சு நிற்கும். பதினொன்றில் ஒருவர் ஜன்னலைத் தேடுவார். பிடரியில் வியர்வை பூப்பதை வைத்து யார் எந்த வளைவில் என்று என்னால் சொல்ல முடியும். அப்பாவின் ஜீப்பிலும் மலைப் பஸ்ஸிலும் ஏறி இறங்கிய காலத்திலேயே கவரை விரித்து, எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேரே நீட்டி, முதுகைத் தடவிக் கொடுத்து, எதுவும் நடக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

ஷீலா மேடத்துக்கு முன்னால் இதைச் செய்து காட்டினேன்.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"பஸ்ஸுலதானுங்க மேடம்."

"முகத்தைத் திருப்பிக்கிட்டயே, அது புத்தகத்துல இல்ல. எல்லாரும் எழுதிக்குங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்று மலையேறும்போது நான் பென்சில் இல்லாமலேயே சிரித்துக்கொண்டிருந்தேன். பஸ் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் இருபத்திரண்டு பேரைக் கொன்றது.

பை முன்னே, ஆள் பின்னே

சாயந்திர நேரத்தில் எங்கள் மலைப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பஸ் நிற்பதற்குள் பை ஜன்னல் வழியாக உள்ளே போய்விட வேண்டும். பை உட்கார்ந்த இடம்தான் ஆள் உட்காரும் இடம். இடம் கிடைக்காதவர் நின்றுகொள்வார், அவருடைய பை மட்டும் முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் உட்கார்ந்து வரும். இறங்கும்போது கூட்டத்தில் பையோடு நுழைய முடியாது. ஆகவே பை முதலில் ஜன்னல் வழியாக இறங்கும். கீழே யார் நிற்கிறார்களோ அவர் வாங்கி வைப்பார். பிறகுதான் ஆள் இறங்குவார். யாராவது ஒரு பையை நீட்டினால், யாருடையது, எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காதவரை எங்கள் பக்கம் மனிதராக மதிப்பதில்லை.

இனி விபத்துக்கு வருகிறேன்.

விமானம் தீப்பிடித்தால் தொண்ணூறு வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். அதுதான் எங்கள் கடைசிப் பரீட்சை. நிலையத்திடம் விமானம் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், ஓடி ஓய்ந்த பஸ் ஒன்று நின்றது. அதன் பின்பக்க அவசர வழியிலிருந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டிச் சறுக்கு செய்திருந்தார்கள். கீழே மெத்தைகள். மாணவிகளே பயணிகளாக நடித்தால் எங்கே குதிப்பது என்று முன்பே தெரிந்திருக்கும் என்பதால், பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார் மேடம். பயணம் போவது மாதிரியே பையோடு வரச் சொன்னார்.

எல்லோரும் பையோடு வந்தார்கள். பஸ்ஸில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டார்கள். விமானம் என்று சொல்லிவிட்டோமே, அந்த மரியாதை.

முதல் முறை என்னுடையது. அவசர வழியில் நிற்பவள் நான், பயணிகள் இருபத்தொரு பேர். மேடம் விசில் ஊதினார். புகைக்கு இயந்திரம் இல்லாததால் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் புகை பரவியதும் நாலைந்து தாய்மார்கள் தங்களையறியாமல் கைகூப்பினார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். தீவிபத்துக்கு வேண்டிய பரபரப்பு அங்கே சுத்தமாக இல்லை.

நான் கதவைத் திறந்துவிட்டு, மனப்பாடம் செய்தபடி, "எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க, இந்தப் பக்கம் வாங்க," என்றேன். முதலில் வந்தவர் அம்மா. என்னைப் பார்த்ததும் பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது. வாங்கிய பையைக் கீழே நின்ற மைதானத்து வாட்ச்மேனிடம் நீட்டினேன். அவரும் பஸ்ஸில் போகிறவர்தான், வாங்கி வைத்தார். அடுத்தவர் பையை அம்மா வாங்கி என்னிடம் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் அடுத்ததை. ஒரு சொல் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. கை மாறிக் கை மாறிப் பைகள் போய்க்கொண்டே இருந்தன. தூக்குச்சட்டி வந்தபோது, "ரசமுங்க, பாத்து," என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. கடைசிப் பை இறங்கியது. இனி ஆட்கள் இறங்கலாம் என்று நான் நிமிர்ந்தபோது விசில் கேட்டது.

மேடம் கேட்டது

ஷீலா மேடம் பல வருடம் பறந்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு தரைக்கு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று அவர் பேசியதைக் கேட்க நான் மிகவும் குனிய வேண்டியிருந்தது.

"ஸ்டெல்லா, பையை ஏன் வாங்கின?"

"குடுத்தாங்க மேடம்."

"பின்னால தீ எரியுது. ஒருத்தர் பையை நீட்டினா வாங்கிக்குவியா?"

"கனமா இருந்துச்சுங்க மேடம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்குள் ஓமலூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் அருகே வந்து, "ஏனுங்க மேடம், செத்தவீங்களுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டுங்களா?" என்று பணிவாகக் கேட்டார். உண்டு என்றார் மேடம்.

எனக்குப் பின்னால் செய்த மாணவிகள் எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். என் பயணிகள் ஒருமுறை செத்துத் திருந்தியிருந்தார்கள். அம்மா மட்டும் அடுத்தடுத்த சுற்றுகளில் ஏறவில்லை. மரத்தடியில், பஸ்ஸுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் என்னை அழைத்தார். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு இருந்தது. இந்தப் பரீட்சையில் தேறியவர்களை மட்டும்தான் நிலையம் அனுப்பும்.

"உனக்கு இன்னொரு தடவை தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு. ஆனா இவங்களை வெச்சுச் செய்ய முடியாது, இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. புதுப் பயணிங்களை நீயே கூட்டிட்டு வா. இன்னொன்னு, நீ கெஞ்சற. பயத்துல உறைஞ்சு நிக்கறவங்க காதுல கெஞ்சறது விழாது. கத்தணும்."

இதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கத்துவதில்லை. அம்மா அப்பாவை வாங்க போங்க என்பார். நான் அம்மாவை வாங்க போங்க என்பேன். தோட்டத்தில் நுழையும் கோழியைக்கூட, "அட, போங்க சாமி," என்றுதான் அம்மா விரட்டுவார். கோழி போகாது. அது வேறு விஷயம்.

எஸ்டேட்டில் காப்பி சிவக்கத் தொடங்கியிருந்தது. மேஸ்திரி ராயப்பன் பறிப்புக்கு ஆள் எழுதிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வேறு வழி கிடைக்காவிட்டால் அந்தப் பட்டியலில் சேர்வது எங்கள் பக்கம் வழக்கம். சேர்ந்தவர்கள் அதிலிருந்து வெளியே வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அது கேவலமான வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. இதை இப்போது எழுதும்போதுகூட, அம்மா படிப்பாரோ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

காட்டுமாடு வரவில்லை

கத்திப் பழக இடம் வேண்டும். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடுகளில் தும்மினாலே நாலு வீட்டில் கேட்கும். ஆகவே காலையில் எஸ்டேட்டுக்குள் நடந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஆளில்லாத ஓரிடத்தில் நின்றேன். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூச்சம் போகக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"எல்லாத்தையும் போடு! ஓடு! குதி!"

இரண்டு நிமிடத்தில் பனிக்குள்ளிருந்து பதினைந்து பெண்கள் வந்தார்கள். கையில் கம்பு, தகரடப்பா. ஒருவர் டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக மேஸ்திரி ராயப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"எங்கீங்க? எந்தப் பக்கம் போச்சுங்க?"

"எதுங்க?"

"காட்டுமாடுதானுங்க!"

காட்டுமாடு எதுவும் வரவில்லை, நான் விமானப் பயணிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று விளக்கினேன். பெண்கள் அமைதியாகக் கேட்டார்கள். டப்பா தட்டியவர், "பிளேனுல வந்தவீங்க பாவம், இந்தக் குளிருல குதிச்சா என்னாவாங்க?" என்று வருத்தப்பட்டார். அம்மா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பைகள், மேடம், பெங்களூர், புதுப் பயணிகள் வேண்டும் என்பது வரைக்கும். ராயப்பன் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அம்மிணி பேரைப் பட்டியல்ல பென்சில்லதான் போட்டு வெச்சிருக்கறனுங்க. அழிக்கறது எனக்கு ஒரு வேலையில்லீங்க. நாங்கெல்லாம் வந்து குதிச்சா ஆவுங்களா?"

ஆகும் என்றேன். பதினைந்து பேரும் அங்கேயே தயாராகிவிட்டார்கள். ஒருவர் மட்டும், குதிக்கும்போது புடவையை என்ன செய்வது என்று கேட்டார். அதற்குப் பாடத்தில் பதில் இல்லை. சுடிதாரில் வரும்படி கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சுடிதார் கிடையாது. என்னுடைய பழையதைப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

இரண்டாவது புகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அப்பாவின் ஜீப் கிளம்பியது. உள்ளே பதினாறு பேர். எங்கள் மலையில் அது காலி ஜீப் என்றே சொல்லலாம். நான் யூனிஃபார்மில் இருந்ததால் எனக்கு முன்சீட். வழியெல்லாம் நான் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பையை என்னிடம் தரக் கூடாது. போட்டுவிட்டுக் குதிக்க வேண்டும்.

"அட, புரிஞ்சுதுங்க அம்மிணி," என்றார் ராயப்பன். "பையி வேண்டாம், ஆளு வேணும்."

மைதானத்தில் மேடம் அவர்களைப் பார்த்தார். பதினாறு பேரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். பதிலுக்கு அவர் பாடத்திட்டத்தில் உள்ள சிரிப்பைச் சிரித்தார். சாம்பிராணி போட்டார்கள். விசில் ஊதினார்.

நான் கதவைத் திறந்து கத்தினேன். வந்துவிட்டது. குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"பையப் போடு! வா! குதி!"

எஸ்டேட் பெண்கள் குதித்த அழகை நான் இன்றுவரை எந்தப் பயிற்சிப் படத்திலும் பார்த்ததில்லை. ஒருவர் பின் ஒருவராக, பையை அப்படியே விட்டுவிட்டு, கையை நெஞ்சில் கட்டி, சறுக்கி, எழுந்து ஓடினார்கள். ராயப்பன் மட்டும் சறுக்கும்போது, "ஏசுவே," என்றார். கீழே மேடத்தின் குரல் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து.

கடைசியாக அம்மா வந்தார். என் பழைய சுடிதாரில் அவரை ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் பச்சைப் பை. மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கதவருகில் வந்து நின்றுவிட்டார்.

"அம்மா, பையப் போடுங்க. குதிங்கம்மா."

"நீ மொதல்ல எறங்கு கண்ணு. நான் பையோட பின்னால வாரேன்."

"பையை விடுங்கம்மா!"

"நீ எறங்கு சாமி, நொம்பப் பொகையா இருக்குது."

அறுபத்தைந்து, என்றார் மேடம். பையின் காதைப் பிடித்து இழுத்தேன். அம்மா விடவில்லை. பழம் பறிக்கிற கையை யாரும் இழுத்துப் பிரிக்க முடியாது. பெங்களூர் கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பச்சைப் பைக்காகப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அதற்கு முன் வந்ததில்லை.

"அருள்மேரி! போடு பையை! குதி!"

பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவும் அவரோடு வேலை செய்யும் அத்தனை பேருக்கும் எதிரில். அவர் பெயரை அப்படி மொட்டையாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மேஸ்திரியே அருள்மேரியம்மா என்றுதான் கூப்பிடுவார்.

பை கீழே விழுந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். குதித்துவிட்டார்.

நான் திரும்பி உள்ளே ஓடினேன். யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று சீட்டுக்குச் சீட்டு, அடியில் குனிந்து பார்ப்பதும் பரீட்சையில் சேர்ந்தது. யாரும் இல்லை. புகையில் கண் எரிந்தது. பின்வழிக்கு வந்து கீழே பார்த்தால், சறுக்கு முடியும் இடத்திலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். குதித்தவர்கள் உடனே விலகி ஓட வேண்டும். அவர் விலகவில்லை. "தள்ளிப் போங்கம்மா, தள்ளிப் போங்க," என்று மேடம் கத்திக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஓரமாகச் சறுக்கி இறங்கினேன்.

"எண்பத்தி நாலு," என்றார் மேடம். "பாஸ்."

எஸ்டேட் பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அம்மா கைதட்டவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் சீட்

பெங்களூருக்கான படிவங்களில் கையெழுத்துப் போட மேடம் என்னையும் அம்மாவையும் நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் ஜீப்பில் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

சேலம் தாண்டும்வரை பேச்சில்லை. அடிவாரத்தில் பஸ் நின்று கிளம்பியது. பேச்சில்லை. மூன்றாவது வளைவுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். தப்புத்தானுங்க."

"பேரு கூப்புடறதுக்குத்தான வெச்சிருக்குது," என்றார் அம்மா, வெளியே பார்த்தபடி.

அது மன்னிப்பா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வளைவு போயிற்று. மலைக்காற்று குளிரத் தொடங்கியது. அம்மா ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.

"ஏங் கண்ணு, எல்லாரும் எறங்குன பொறவும் நீ ஏன் உள்ள போன?"

"யாராச்சும் இருக்கறாங்களான்னு பாக்கோணுங்கம்மா. பாத்துட்டுத்தான் நாங்க எறங்கோணும்."

"அது பரீட்சைக்குத்தான?"

"இல்லீங்கம்மா. நெசத்துலயும் அப்படித்தான்."

"நெசமாலுமே தீப் புடிச்சாலுமா?"

"ஆமாங்க."

"அந்த மேடமும் கடைசியாத்தான் எறங்குவாங்களா?"

"எல்லாருமே அப்படித்தானுங்கம்மா. அதுதான் வேலையே. சாப்பாடு குடுக்கறதெல்லாம் அப்புறம்."

சறுக்கின் அடியில் விலகாமல் நின்று அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் சொன்னதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நான் போகப் போகும் வேலை என்ன என்று எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புரிந்துகொண்டவர் அவர்தான். எனக்கே அதுவரை சரியாகப் புரிந்திருக்கவில்லை. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் பெங்களூருக்குப் போயிருக்க மாட்டேன். அதுவும் அவருக்குத் தெரியும்.

பஸ் பனிக்குள் நுழைந்தது. டிரைவர் விளக்கைப் போட்டார்.

"பிளேனுல இருக்கறவீங்க எறங்க மாட்டேன்னு நின்னா?"

"எறங்கற வரைக்கும் கத்தோணும்."

அம்மா பையைத் தூக்கிக் காலடியில் வைத்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னும் சத்தமாக் கத்து சாமி," என்றார். "இன்னிக்குக் கத்துனது பத்தாது."